எத்தனை வாட் போதும்? எஸ்எம்பிஎஸ் பற்றி வாசகர் கேள்விகள்

இம்மாதக் கடிதங்களில் பல ஒரே பெட்டியைச் சுற்றியே வந்திருக்கின்றன. கணினிக்குள் எல்லாருக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் அது. அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மாதக்கணக்கில் விலை விசாரிக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும், பில் போடும்போது கடைக்காரர் எடுத்து வைப்பதை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். அதன் விளைவு கருகிப்போய் வந்து சேருவது என் சர்வீஸ் மேஜைக்குத்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி போட்டு அசெம்பிள் செய்யப் போகிறேன். கடைக்காரர் 750 வாட் இல்லாமல் ஓடாது என்கிறார். நண்பனோ, கேபினெட்டோடு வரும் 500 வாட்டே தாராளம் என்கிறான். யார் சொல்வது சரி?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கணக்கை நாமே போட்டுவிடலாம்.

ரைசன் 5 7600-ன் அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது 88 வாட் வரை இழுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 வாட் வைப்போம். மொத்தம் 253. அதுவும் பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால்தான். கேம் ஆடும்போது பெரும்பாலும் இதற்குக் கீழேதான் நிற்கும்.

அப்படியிருக்க, என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்வது ஏன்? உங்களிடம் எந்தப் பிராசசர் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. கோர் ஐ7 14700கே போன்ற ஒன்று இருந்தால், அந்தப் பிராசசர் மட்டுமே உச்சத்தில் 253 வாட் இழுக்கும். உங்கள் மொத்தக் கணினிக்கும் போட்ட கணக்கு அது! எஸ்எம்பிஎஸ் எந்தத் தரத்தில் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எல்லாரையும் மனதில் வைத்துச் சொன்ன எண்தான் 550.

உங்களுக்கும் நான் 550 வாட்டே சொல்வேன். நல்ல 450 வாட்டிலும் இது ஓடிவிடும். ஆனால் பாதி லோடில் ஓடும் எஸ்எம்பிஎஸ் சூடு குறைவாக இருக்கும், ஃபேன் சத்தமும் அடங்கியிருக்கும். நாளைக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கோ சற்றுப் பெரிய கார்டோ போட இடமும் இருக்கும். 750 வாட் வாங்கினால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த விலை வித்தியாசத்தில் எஸ்எஸ்டியை 500 ஜிபியிலிருந்து 1 டிபி ஆக்கிக்கொள்ளலாம். அதன் பலன் தினமும் தெரியும்.

இப்போது நண்பர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் எனக்குக் கவலை தருவது. கேபினெட்டோடு வரும் பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக 500 வாட் என்று போட்டிருப்பார்கள். அதை விடுங்கள். திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் போட்ட லேபிள் இருக்கும். அதில் +12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 540 வாட். ஏறக்குறைய முழுத் திறனும் 12 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. மலிவுப் பெட்டியில் 18 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 216 வாட்தான். மீதியெல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் பக்கம் காட்டப்பட்ட கணக்கு. ஒரு காலத்தில் பிராசசர்கள் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்தன, அப்போது அந்தக் கணக்குக்கு அர்த்தம் இருந்தது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோதே பிராசசருக்கென்று தனி 12 வோல்ட் வயர் வந்துவிட்டது. இன்று பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. உங்கள் 253 வாட்டில் பெரும்பகுதியும் அங்கேதான் இறங்கும். 216-ல் அது எப்படி நிற்கும்?

சரி, லேபிளில் உள்ளதாவது உண்மையா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. கருகி வந்த இப்படிப்பட்ட ஒரு பெட்டியை மேஜையில் திறந்து வைத்திருக்கிறேன். வீட்டு மின்சாரம் உள்ளே நுழையும் ஓரத்தில், இரைச்சலை வடிகட்டும் காயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் போர்டில் இடம் அச்சடித்திருக்கிறது, துளையும் போட்டிருக்கிறது. வைக்க வேண்டிய பாகம்தான் இல்லை. காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித்துண்டு வைத்து ஈயம் வைத்திருக்கிறார்கள். சூட்டை இழுக்க வேண்டிய அலுமினியம் தகரம் போல மெலிந்து, விரலால் அழுத்தினால் வளைகிறது. 12 வோல்ட்டின் மஞ்சள் வயரை உரித்தால் உள்ளே செம்பு நூலிழை அளவுதான். இப்படிப்பட்ட பெட்டி தான் மட்டும் போனால் பரவாயில்லை. ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு ஒழுங்காக இல்லாவிட்டால், போகும்போது மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகும். எஸ்எஸ்டியில் இருந்த பிராஜெக்ட் போனால் எந்த வாரண்டியிலும் திரும்ப வராது.

ஒரு எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? வாரண்டி எத்தனை வருடம்? முழுத் திறனை எத்தனை டிகிரி சூட்டில் கொடுக்கும்? மூன்றாவதைக் கடையில் சொல்லமாட்டார்கள், கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். 40 அல்லது 50 டிகிரி என்று போட்டிருந்தால் நல்லது. உங்கள் ஊர் மே மாதத்தில் கேபினெட்டுக்குள் இருக்கும் சூடு அதை ஒட்டித்தான் வரும். ஐந்து வருட வாரண்டி கொடுக்கும் 550 வாட் ‘80 பிளஸ் ப்ரான்ஸ்’ முத்திரைப் பெட்டிகள், நான் எழுதும் நேரத்தில், நாலாயிரம் ஐயாயிரம் ரூபாயில் கிடைக்கின்றன. கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாமல் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகன் 650 வாட் எஸ்எம்பிஎஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். இஸ்திரிப் பெட்டி அளவுக்குக் கரண்ட் இழுக்குமோ என்று பயமாக இருக்கிறது. 450 வாட் வாங்கினால் பில் குறையுமா?
(இல்லத்தரசி, கரூர்)

பதில்: குறையாது அம்மா. 650 என்பது அதனால் கொடுக்க முடிந்த அளவு, எப்போதும் இழுக்கும் அளவு அல்ல. தொட்டி பெரிதாக இருப்பதால் குழாயில் தண்ணீர் அதிகமாகப் போய்விடாது, அது போலத்தான். உள்ளே இருக்கும் பொருள்கள் 250 வாட் கேட்டால் இரண்டு பெட்டிகளுமே 250தான் கொடுக்கும்.

பில்லில் வித்தியாசம் காட்டுவது பெட்டியின் தரம். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். 100-க்கு 88 கொடுக்கும் பெட்டி, 250 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து 284 வாட் எடுக்கும். 75 மட்டுமே கொடுக்கும் மலிவுப் பெட்டி 333 வாட் எடுக்கும். தம்பி தினம் மூன்று மணி நேரம் கேம் ஆடினால், இரண்டு மாதப் பில்லில் இந்த வித்தியாசம் 9 யூனிட் வரும். மொத்தமாக அந்தக் கணினி நல்ல பெட்டியில் 51 யூனிட் வரை சேர்க்கும். மானிட்டர் தனி. உங்கள் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறதா என்று மட்டும் மின்கணக்குக் கார்டைப் பாருங்கள். அதைத் தாண்டினால் விலை அடுக்கே மாறிவிடும். அப்படி இருந்தால் பேச வேண்டியது வாட்டைப் பற்றி அல்ல, விளையாடும் நேரத்தைப் பற்றி.

கேள்வி: 80 பிளஸ் கோல்டு போட்டிருந்தால் தரமான எஸ்எம்பிஎஸ் என்று நம்பலாமா?
(வங்கி ஊழியர், சேலம்)

பதில்: மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு மட்டுமே அந்த முத்திரை. 20, 50, 100 சதவீத லோடில் முறையே 87, 90, 87 சதவீதம் வந்தால் கோல்டு. ப்ரான்ஸுக்கு 82, 85, 82. இது 115 வோல்ட் சோதனையின் கணக்கு, நம் 230 வோல்ட்டில் இன்னும் சற்றுக் கூடும். சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். சேலத்துக் கோடை அதற்குத் தெரியாது. கெப்பாசிட்டர் 105 டிகிரி சூடு தாங்கும் வகையா, ஷார்ட் ஆனால் உடனே நிற்குமா, வோல்டேஜ் ஏறினால் துண்டிக்குமா என்பதெல்லாம் முத்திரையில் வராது. நான் முத்திரையைவிட வாரண்டி வருடங்களை அதிகம் நம்புகிறேன். ஏழு வருடம், பத்து வருடம் என்று கொடுக்கும் கம்பெனி, உள்ளே மட்டமான பொருள் போட்டால் தன் கையிலிருந்துதான் மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ஓடுகிறது, ஆனால் அந்த ஒரு கணத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கல்யாண ஆல்பம் வேலை பாதியில் போய்விட்டது. புது எஸ்எம்பிஎஸ் போட்டுவிட்டேன், அப்படியும் அதே கதை. விளக்கும் ஃபேனும் நிற்பதே இல்லை.
(ஸ்டூடியோ உரிமையாளர், கும்பகோணம்)

பதில்: ஐயா, செலவு செய்த இடம் தவறிவிட்டது, ஆனால் தீர்வு அநேகமாகச் செலவில்லாதது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் யூபிஎஸ் என்றும் மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்றும் எழுதியிருக்கும். சில மாடல்களில் முன்பக்கப் பட்டனில் இருக்கும்.

கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். யூபிஎஸ் நிலையில் அது ஏறத்தாழ 10 மில்லி செகண்ட். நார்மலில் 40 வரை போகும். எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்திருப்பதைக் கொண்டு கணினியை எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு: முழு லோடில் 16 மில்லி செகண்டை ஒட்டி. 10-ஐத் தாங்கும், 40-ஐத் தாங்காது. விளக்குக்கும் ஃபேனுக்கும் அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, அதனால் உங்கள் கண்ணுக்கே தெரியவில்லை.

யூபிஎஸ் நிலையில் போட்டால் ஒரு சிக்கல் வரலாம். அந்த நிலையில் இன்வெர்ட்டர் லோ வோல்டேஜைச் சகித்துக்கொள்ளாது. 180-க்குக் கீழே இறங்கினால் கரண்ட் இருந்தும் பேட்டரிக்குப் போய்விடும். மாலையில் உங்கள் தெருவில் வோல்டேஜ் அடிக்கடி இறங்குமானால் பேட்டரி சீக்கிரம் தேயும். அப்போது வீட்டு இன்வெர்ட்டரை நார்மலிலேயே விட்டுவிட்டு, கணினிக்கு மட்டும் தனியாக ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

அது எத்தனை விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 600 விஏ யூபிஎஸ் என்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே. உங்கள் கணினி எடிட்டிங்கில் சுவரிலிருந்து 290, மானிட்டர் ஒரு 30 என்றால் விளிம்பில் நிற்கும். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். அதிலும் அரை மணி நேரம் வேலை செய்யலாம் என்று எண்ண வேண்டாம். இன்வெர்ட்டர் தாங்கிக்கொள்ளும் வரை இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை.

இன்வெர்ட்டர் கட்டம் கட்டமாக ஏறி இறங்கும் மின்சாரம் கொடுக்கும் ஸ்கொயர் வேவ் வகையா, வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாகக் கொடுக்கும் ப்யூர் சைன் வேவ் வகையா என்பதையும் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில், சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க ஆக்டிவ் பிஎஃப்சி என்ற பகுதி இருக்கும். ஸ்கொயர் வேவ் மின்சாரம் கொடுத்தால் அவற்றில் சில ரீங்காரம் போடும், சில நின்றே போகும். சுவிட்ச் மாற்றியும் சரியாகாவிட்டால் நான் அடுத்துச் சந்தேகப்படுவது இதைத்தான். ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்லி யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள பெட்டி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டுமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ராமநாதபுரம்)

பதில்: முதலில் எர்த்தைப் பாருங்கள் சார். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினெட் 230-ல் பாதி வோல்டேஜில் மிதக்கும். தொட்டால் ஜிவ்வென்று இருப்பது அதுதான். அந்தக் கசிவு ஆளை ஒன்றும் செய்யாத அளவு மிகச் சிறியது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு எந்த மெஷினில் நிஜமாகவே வயர் உரசினாலும் ஆபத்து. அதனால் இதை ஒத்திப்போடாதீர்கள்.

மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் சொருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் குழி வறண்டிருந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார், அல்லது புதிதாகக் குழி போடச் சொல்வார். செய்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் முள்ளுக்கு ஒரு துண்டு வயர் போட்டு “சரியாகிவிட்டது” என்று சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஷாக் நிற்கும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். அவர் எழுந்து போகும் முன் சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. புதிதாக வேறு கம்பெனி வாங்கினேன். பழைய கேபிள்கள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருப்பதால் அவற்றையே புதுப் பெட்டியில் சொருகலாமா? பொருந்துகிறது.
(டிடிபி சென்டர், புதுக்கோட்டை)

பதில்: வேண்டவே வேண்டாம். இன்னும் ஆன் செய்யவில்லை என்று நம்புகிறேன். மதர்போர்டு, டிஸ்க் பக்கத்து முனைகள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி ஒரு பொது விதி கிடையாது. பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய வயரில் 12 வோல்ட் போகலாம். ஹார்ட் டிஸ்க்குகள் அந்தக் கணமே போய்விடும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கிடையேகூட மாறும். எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, புதுப் பெட்டியோடு வந்ததையே போடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3080 வாங்கினேன். பிராசசர் ஐ5 12400எஃப். எஸ்எம்பிஎஸ் 650 வாட், நல்ல கம்பெனி, மூன்று வருடப் பழையது. கேம் ஆடும்போது சில நேரம் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடுகிறது. விண்டோஸில் கெர்னல் பவர் 41 என்று காட்டுகிறது. கார்டு கோளாறா?
(ஐடி ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த 41 உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. முறைப்படி மூடாமல் கணினி அணைந்தது என்ற செய்தி மட்டுமே அது. காரணம் அதில் இல்லை.

கணக்குப்படி கார்டுக்கு 320 வாட், பிராசசருக்கு உச்சத்தில் 117, மற்றவைக்கு 50. மொத்தம் 487. 650 போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 3080 வகைக் கார்டுகள் சில மில்லி செகண்டுகளுக்குத் தங்கள் அளவைத் தாண்டி எகிறும். 320 என்பது சராசரி. அந்த எகிறலை ஷார்ட் சர்க்யூட் என்று எண்ணி எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு அணைத்துவிடும். என்விடியா இந்தக் கார்டுக்கு 750 வாட் கேட்பதும், 2022-ல் இன்டெல் எஸ்எம்பிஎஸ்களுக்கென்று வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 விதியில், பெரிய பெட்டிகள் தங்கள் திறனைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்று சேர்த்ததும் இதை மனதில் வைத்துத்தான்.

காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனை. கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் சொருகியிருக்கிறீர்களா? எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் போடுங்கள். அப்புறம் கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்குக் குறைத்து, வழக்கமாக அணையும் அதே கேமை ஒரு மாலை முழுவதும் ஆடுங்கள். அணையவில்லையென்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். அவசரமில்லாவிட்டால் 80-லேயே ஓட்டலாம், வேகத்தில் இழப்பு கொஞ்சம்தான். மாற்றுவதானால் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 போட்ட 750 வாட் வாங்குங்கள். 80-லும் அணைகிறதென்றால் நண்பர் ஒருவருடைய 750 வாட் பெட்டியில் இந்தக் கார்டை ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் கார்டை விற்றவரிடம் பேச வேண்டியதுதான். அதனால் சோதனைகளைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.